சுங்கை சிப்புட்டில் மீண்டும் ‘வள்ளி திருமணம்’: நீங்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரில் மேடையேற்றுகிறோம். செய்தி பரவிய நாளிலிருந்து கடைவீதியிலும் கோயில் வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்காதவர்கள் இல்லை. நாடகத்தை நெறிப்படுத்துபவள் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது பக்தி நாடகமா, நகைச்சுவை நாடகமா?

முருகன் வருகிறான், எனவே பக்தி உண்டு. ஆனால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நகைச்சுவை நாடகம் என்றே சொல்வேன். கதையைப் பாருங்கள். வேடர் தலைவன் நம்பிராசன், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வள்ளி என்று பெயரிட்டு வளர்க்கிறான். வளர்ந்தவள் தினைப்புனத்தில் பரண் மீது நின்று, கவண் வீசி, ‘ஆலோலம்’ பாடிக் கிளிகளை ஓட்டுகிறாள். நாரதர் அவளைப் பார்த்துவிட்டுப் போய் முருகனிடம் மூட்டிவிடுகிறார். முருகன் வேடனாக வருகிறான், அவள் விரட்டுகிறாள். ஆள் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக நிற்கிறான். பிறகு தள்ளாடும் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், விக்கல் எடுக்கிறது என்கிறான், தண்ணீர் கேட்கிறான். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் அண்ணன் கணபதியை யானையாக வரச் சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டியதாகிறது.

உலகத்தையே ஒரு நொடியில் சுற்றிவரும் தெய்வம் ஒரு தினைக்காட்டுப் பெண்ணிடம் பேசி வெல்ல முடியாமல் நிற்கிறது. கந்தபுராணத்தின் கடைசிப் படலம் இந்தக் கதைதான். சுவாமிகள் அதை எடுத்து, வள்ளிக்கு வாயைக் கொடுத்தார். சிரிப்பு முழுவதும் அங்கிருந்துதான் பிறக்கிறது. இதிலிருந்து சிரிப்பை எடுத்துவிட்டால் பக்தியும் கூடவே போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

சங்கரதாஸ் சுவாமிகள் யார்?

1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத் தமிழுக்குத் தலைமையாசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். தெருவில் விடிய விடிய நடந்த கூத்துக்கும் நாம் இன்று நாடகம் என்று அறிவதற்கும் நடுவே நிற்பவர் அவர். வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை எல்லாவற்றையும் மேடைக்காகப் பயன்படுத்தி, நடிகர்களுக்கு ஒரு நிலையான பாடத்தை எழுதிக் கொடுத்தார். யமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவரே நடித்தும் இருக்கிறார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடக சபையில்தான், பின்னாளில் நாடகத்தில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். 1922-இல் புதுச்சேரியில் காலமானார்.

பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதியவை பல. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றுவரை மிக அதிகமாகக் கேட்டு நடத்தப்படுவது வள்ளிதான்.

சினிமாவிலேயே பார்த்துவிட்டோமே?

பார்த்திருப்பீர்கள். 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் டி.ஆர். மகாலிங்கம் முருகனாகப் பாடியதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். சினிமாவில் வள்ளி ஒரு முறை சொன்ன பதில்தான் எப்போதும். மேடையில் அவள் இன்றைக்கு என்ன சொல்வாள் என்று எதிரே நிற்கும் முருகனுக்கே தெரியாது. அதற்காக வாருங்கள்.

நம் வட்டார ரப்பர் தோட்டங்களில் இது முன்பு நடந்ததுண்டா?

நடந்தது. ரஜூலா போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றிவந்த காலத்தில், நாடகக்காரர்களும் ஆர்மோனியப் பெட்டியோடு கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் பாடியதைக் கேட்டு, பாட்டுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களே பிறகு வேடம் கட்டினார்கள். என் பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். மாரியம்மன் திருவிழாவில் கோயில் திடலில் பந்தல் போட்டு, இரண்டு கேஸ் விளக்கு வைத்து நாடகம் நடக்குமாம். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும் என்று தெரிந்தே பாயை விரித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பார்களாம். மறுநாள் காட்டில் ஒரு மர நிரையிலிருந்து ஒருத்தி வள்ளியின் அடியை எடுத்துப் பாட, அடுத்த நிரையிலிருந்து கிழவனின் அடி வருமாம். இதைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அந்தத் தொடர்ச்சி அறுந்ததற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் விழுந்த துப்பாக்கிச் சூட்டோடு நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை அது நீடித்தது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறி, இரவு நடமாட்டத்துக்குத் தடை வந்த இடத்தில் விடிய விடிய நாடகம் எப்படி நடக்கும்? பிறகு, பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தது. பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. ஒரே வரிசை லயத்தில் இருந்த கதாநாயக வேடம் கட்டும் ராஜபார்ட்டும் கோமாளியான பபூனும் ஆளுக்கொரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோனார்கள். எல்பில், டோவன்பி, ஹீவூட், கமுனிங் என்ற பெயர்களை இன்றும் சொல்கிறோம், அங்கே பிறந்தவர்கள் இப்போது பெரும்பாலும் பட்டணத்தில் இருக்கிறோம்.

‘தர்க்கம்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே, அது என்ன?

இந்த நாடகத்தின் உயிர் அது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு பேர் சொல்லுக்குச் சொல் மோதிக்கொள்வது. நாரதருக்கும் வள்ளிக்கும் ஒரு தர்க்கம், வேடனுக்கும் வள்ளிக்கும் ஒன்று, கிழவனுக்கும் வள்ளிக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் இதை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று நடத்தும் கலைஞர்கள் முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து இரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். பாடம் எல்லோருக்கும் ஒன்று, மறுமொழி அவரவர் கெட்டிக்காரத்தனம்.

எங்கள் நடிகர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தொடக்கத்தில் நாங்கள் ஒரு பழைய ஒலிப்பதிவைக் கேட்டு வரிக்கு வரி எழுதி மனப்பாடம் செய்தோம். இரண்டு மாதம் அப்படிப் போனது. பிழையில்லாமல் ஒப்பித்தார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. வள்ளி பதில் சொல்வதற்கு முன்பே முருகனுக்குத் தெரிந்துவிடுகிறதே, பிறகு அவன் எப்படித் திகைப்பான்? ஒரு நாள் தாளை எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். பாட்டுகள் சுவாமிகளுடையவை, எழுத்து மாறாமல் பாட வேண்டும். தர்க்கம் உங்களுடையது, எதிராளி சொல்வதைக் காதில் வாங்கிப் பதில் சொல்லுங்கள் என்றேன். அன்று வேடன் வழக்கம்போல, “இவ்வழியே ஒரு மான் வந்ததா?” என்று கேட்டான். வள்ளி சற்றும் யோசிக்கவில்லை: “மான் வரவில்லை ஐயா. பெருமான் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். மானைத் தேடி வந்தவர் மானத்தைத் தொலைத்துவிட்டுப் போகாதீர்.” மிருதங்கக்காரர் சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் நாடகம் எங்கள் கைக்கு வந்தது.

பழைய நாடகத்தில் இந்த நாட்டு விஷயங்களைக் கலப்பது சரியா?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்டவர்கள் உண்டு. ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

கிழவன் வேடத்தில் முருகன் வந்து, “இந்த ஊர்க்காரன்தான் அம்மா, உன்னைக் காக்க வந்தவன்” என்கிறான். வள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்து, “அடையாள அட்டையைக் காட்டும், பார்ப்போம்” என்றாள். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை, அந்தப் பெண்ணின் வாயில் வந்தது. கிழவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நடுங்கும் கையால் துழாவி, இல்லாத அட்டையை எடுத்து நீட்டினான். “சிவப்பு அட்டைதான் தாயே. நீலம் கேட்டு விண்ணப்பம் போட்டு ஒரு யுகம் ஆகிறது.”

ஒத்திகை பார்க்க வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டியும் உட்கார்ந்திருந்தார். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மண்ணில் பிறந்தும் குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையோடு வாழ்ந்து முடித்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! உரிமைப் பத்திரம் இல்லாத கிழவனாக முருகனே வந்து நின்றால் அந்தப் பாட்டிக்கு அவன் யாராகத் தெரிவான் என்று நினைத்துப் பாருங்கள். தர்க்கம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரின் பேச்சில் நடக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் வழக்கம். அதைத்தான் கடைப்பிடிக்கிறோம். அந்த இடம் நாடகத்தில் இருக்கும்.

வள்ளியாக நடிப்பவர் யார்? நாரதர் ஒரு பெண் என்கிறார்களே?

பெயர்களை நோட்டீசில் பார்த்துக்கொள்ளலாம். வள்ளி ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், முருகன் லாரி ஓட்டுகிறார், நாரதர் மருத்துவமனைத் தாதியாக இருக்கும் பெண்தான். இதில் புதுமை ஒன்றும் இல்லை. சிறுவர் சபைகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் கட்டினார்கள், பிறகு கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமும் ஏற்றுப் பாடினார். குரலும் தமிழும் உள்ளவருக்கு வேடம். அவ்வளவுதான்.

வள்ளியின் ‘ஆலோலம்’ மட்டும் நீண்ட நாள் சரியாக வரவில்லை. ஒலிபெருக்கிக்குப் பழகிய குரல், வீட்டுக்குள் பாடுவது போலவே இருந்தது. ஒத்திகையில் கண்ணைத் துடைத்த அந்தப் பாட்டிதான் எழுந்து வந்து கற்றுக்கொடுத்தார். வாயருகே கையைக் குவிக்க வைத்திருந்தோம், அதைத் தட்டிவிட்டார். மோவாயை உயர்த்தி, மூச்சை அடிவயிற்றில் பிடித்து, முதல் எழுத்தைக் குட்டையாகவும் கடைசி எழுத்தை நீளமாகவும் விட்டார். விடியற்காலை இருட்டில், அடுத்த நிரையில் ஆள் இருக்கிறாளா என்று அறிய அப்படித்தான் குரல் கொடுப்பார்களாம். எண்பது வயதைத் தாண்டியவரின் குரல் மண்டபத்தின் பின்சுவரில் போய் மோதியது. வள்ளி இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இசை பதிவு செய்யப்பட்டதா, நேரடியா?

நேரடி. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். ‘ஆல்ரவுண்ட்’ என்று அழைக்கப்படும், டோலக்கும் சத்தங்களும் கொடுக்கும் கலைஞர் ஒருவரும் உண்டு.

ஆர்மோனியத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூடப்பட்ட ஒரு தோட்டத்துப் பஜனை மடத்தில் இருந்த பெட்டி அது. தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற தண்டல் ஒருவரின் வீட்டில், பரண் மேல், அரிசிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. திறந்தபோது துருத்தியின் மடிப்பில் கரையான் மண். மூன்று ரீடுகள் ஊமை, ஒன்று அழுத்தாமலேயே கத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஆர்மோனியக் கலைஞர் ரீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்து, மெல்லிய கத்தி நுனியால் நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்த்தார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல் கூடிவிட்டால் அந்த ரீடு போயிற்று. ஆறு வாரம் வேலை செய்தார். துருத்திக்குப் புதுத் தோல் போட்டாகிவிட்டது. ஒரு கட்டை மட்டும் மழைநாளில் இன்னும் ஒட்டிக்கொள்கிறது.

அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. நாடக மேடை ஒரு நாளும் அதை விட்டதில்லை. ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் அல்லர். நடிகர் அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார், மூச்சு வாங்கினால் பின்பாட்டால் தாங்குவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும் என்பதால் நடிகர்கள் உச்சச் சுருதியில் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா புகழ்பெற்றது அந்தக் குரலால்தான். அவரும் சுந்தராம்பாளும் இந்த நாடகத்தில் வேலனும் வள்ளியுமாக நின்ற மேடைகளைப் பற்றி இன்றும் பேசுகிறோம். 28 வயது நிறையும் முன்பே, 1933-இல் கிட்டப்பா மறைந்தார். எங்கள் முருகன் அவ்வளவு உயரம் போகாமல் இரண்டு கட்டைச் சுருதியில் பாடுகிறார். அவர் குரலுக்கு அதுவே அழகு.

பபூன் உண்டா? குழந்தைகளோடு வரலாமா?

உண்டு, வரலாம். பபூனும் நடனப் பெண்ணும் வரும் தொடக்கக் காட்சியில் இரட்டை அர்த்தம் வழிந்தோடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நாங்கள் கிண்டலை வைத்துக்கொண்டோம். உடலையும் நிறத்தையும் சாதியையும் இழிவு செய்யும் வரிகளை வெட்டினோம். குறிப்பாக, வள்ளியின் குறவர் குலத்தை ஏளனம் செய்ய இடையில் சேர்ந்துவிட்ட பேச்சு ஒன்றும் எங்கள் மேடையில் இருக்காது. முருகனே தேடி வந்து பெண் எடுத்த குலம் அது.

விடிய விடிய நடக்குமா?

இல்லை. இரவு 7.30-க்குத் தொடங்கி 11.30-க்கு முடியும். மண்டபத்துக்காரர்கள் கொடுத்த நேரம் அவ்வளவு. நம்பிராசன் தர்பாரையும் நாரதர் முருகனிடம் பேசும் நீண்ட காட்சியையும் சுருக்கினோம். தர்க்கங்களில் கை வைக்கவில்லை.

யானை வருமா?

வரும். பிரம்பில் கூடு கட்டி, சாக்குத் துணி போர்த்தி, சாம்பல் நிறம் தீட்டிய யானை. உள்ளே இரண்டு இளைஞர்கள். காதுகள் செம்பனை மட்டையின் அடிப்பாகத்தில் செய்தவை, அசையும். மிகச் சிறிய குழந்தைகளை அந்த நேரத்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒத்திகையில் இரண்டு பேர் அலறிவிட்டார்கள்.

படுதா கட்டுகிறீர்களா?

கானகம், தர்பார் என்று கையால் தீட்டிய இரண்டு படுதாக்கள். இதில் எனக்குப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. தீட்டிய படுதாவும் ஆர்மோனியமும் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் வழியாகத்தான் தமிழ் மேடைக்குப் பரவின. அதே பார்சிக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்குக்கு வந்ததன் விளைவாகத்தான் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமும் பிறந்தது. நம் வள்ளியும் பங்சாவானும் ஒரு வகையில் உடன்பிறப்புகள்.

தமிழ் நன்றாகத் தெரியாத பிள்ளைகளுக்கும் மலாய், சீன நண்பர்களுக்கும் புரியுமா?

கதைச் சுருக்கம் மலாயில் அச்சிட்டு வாசலில் தருகிறோம். கிழவனுக்கு விக்கல் வரும் காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

டிக்கெட் எவ்வளவு? சாப்பாடு?

பெரியவர்களுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்). பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் இலவசம். வாசலில் வடை, மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கிடைக்கும், எல்லாம் சைவம். முன் இரண்டு வரிசைகளில் நாற்காலி இல்லை, பாய்தான். பாட்டி தாத்தாக்கள் அதைத்தான் கேட்டார்கள்.

நாடகத்துக்கு உரிமம் வாங்க வேண்டுமா? எங்கள் ஊரிலும் போட ஆசை.

மலேசியச் சட்டத்தில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள், இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. சுவாமிகள் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது, அவர் பாடத்தை யாரும் மேடையேற்றலாம். பொது நிகழ்ச்சிக்கான உள்ளூர் அனுமதியை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்களை அழைத்தால் வந்து கற்றுக்கொடுப்போம். ஆர்மோனியத்தையும் கொண்டுவருவோம்.

எங்கள் வீட்டில் பழைய நாடகப் பாட்டுப் புத்தகம் இருக்கிறது. தேவைப்படுமா?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும், அட்டை இல்லாவிட்டாலும் கொண்டுவாருங்கள். கையால் எழுதிய நோட்டு என்றால் இன்னும் நல்லது. அதில் உங்கள் தாத்தா ஓரத்தில் குறித்துவைத்த மறுமொழிகள் அச்சில் எங்கும் இருக்காது. உங்கள் கண்முன்னே படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

மழை வந்தால்?

மண்டபத்துக்குத் தகரக் கூரை. பெருமழை பிடித்தால் ஒரு சொல்லும் கேட்காது. அப்போது நடிகர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். மிருதங்கமும் டோலக்கும் மட்டும் கூரைக்கு ஈடுகொடுத்து வாசிக்கும். மழை ஓய்ந்ததும் வள்ளி ‘ஆலோலம்’ என்று ஒரு குரல் கொடுப்பாள். வெளியே தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் உள்ளே வந்துவிடுங்கள்.